வாடகைப் பெட்டிக்கு ஒரு கணக்குப் பாடம்



வீட்டில் வைஃபை இருக்கிற எல்லோரும் இந்த மாத பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள். 'உபகரண வாடகை' என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். இல்லாவிட்டாலும் படியுங்கள், அது வேறு பெயரில் ஒளிந்திருக்கலாம்.

முதலில் கணக்கு. பெட்டிக்கு மாத வாடகை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 118. வருடத்துக்கு 1,416. ஐந்து வருடத்துக்கு 7,080. ஒரு சாதாரண வீட்டுக்குப் போதுமான ரவுட்டர் கடையில் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பதினேழே மாதத்தில் அதன் முழு விலையையும் கட்டிவிடுகிறீர்கள். அப்புறமும் பெட்டி உங்களுடையது இல்லை, வாடகையும் நிற்பதில்லை. ஏழாம் வகுப்புக் கணக்கு இது. பென்ஷனில் காலம் தள்ளுகிற பெரியப்பாக்களும் அத்தைகளும் மாதாமாதம் இதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

"பழுதானால் அவங்களே மாத்தித் தருவாங்களே சார்" என்பீர்கள். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள். சேதமானால் வாடிக்கையாளர் பொறுப்பு என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை நம் கரையில் உப்புக்காற்று எதை விட்டுவைத்தது? ஜன்னலோரம் வைத்த பெட்டியில் கேபிள் சொருகும் இடமெல்லாம் துருப்பிடிக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரையேறியது. அப்படி ஒரு இரவில் மின்சாரம் போய்ப் போய் வந்தால் அடாப்டர் தாங்குமா? வாடகை அவர்களுக்கு, புயல் உங்களுக்கு என்றால் அதற்கு வாடகை என்று பெயர் கிடையாது. பொருளுக்குச் சொந்தக்காரன் எவனோ, அவன்தான் அதன் நஷ்டத்தையும் சுமக்க வேண்டும்.

இன்னொரு வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. தொலைபேசிக் கம்பி வழியாக பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த காலத்தில் மோடத்தை விலைக்கும் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம் என்று இரண்டு வழி இருந்தது. விலை கொடுத்து வாங்கியவர்களின் மோடம், ஃபைபர் வந்ததும் பரணுக்குப் போனது. "பார்த்தீர்களா, வாங்கினால் வீண்" என்கிறார்கள்.

இங்கேதான் இரண்டு பெட்டிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். ஒளியை மின்சாரமாக மாற்றுவது அதன் வேலை. அதன் எண்ணைக் கம்பெனிக்காரர் தன் பக்கம் பதிவு செய்தால்தான் அது பேசும். அவர் தொழில்நுட்பம் மாறினால் அதுவும் மாறும். ஆகவே அது அவருடையதாகவே இருக்கட்டும். திருப்பித் தரக்கூடிய முன்பணம் வாங்கிக்கொள்ளட்டும். வீட்டுக்குள் வைஃபையைப் பரப்புவது ரவுட்டர். கம்பி எதுவானாலும், கம்பெனி எதுவானாலும் அது வேலை செய்யும். அது உங்களுடையதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் வந்திருந்தால் அதிலுள்ள வைஃபையை நிறுத்திவிட்டு உங்கள் ரவுட்டரை அதில் சொருகலாம்.

சொந்தமாக வைத்துக்கொள்வதில் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. நாளைக்குச் சேவை சரியில்லை என்றால், "போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வேறு கம்பெனிக்கு மாறலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முன்பணத்துக்காக நான்கு மாதம் அலைந்தது. அதற்குப் பயந்தே எத்தனையோ பேர் ஓடாத இணையத்துக்கும் பணம் கட்டுகிறார்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. ஒரு காலத்தில் அமெரிக்காவில் தொலைபேசிக் கருவியே கம்பெனியின் சொத்து. அதனோடு வேறு எதையும் இணைக்கக் கூடாது. டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர் தன் கார்ட்டர்ஃபோன் கருவிக்காக வழக்காடினார். 1968இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் எந்த ரவுட்டரை வைத்துக்கொள்வது என்பது வாடிக்கையாளரின் சட்டப்படியான உரிமை. சொந்தப் பெட்டி வைத்திருப்பவரிடம் பெட்டி வாடகை வாங்கக் கூடாது என்று அமெரிக்கா 2019இல் சட்டமே போட்டது. நம் டிராய் அமைப்பும் இதை இப்படி வெளிப்படையாகச் சொன்னால் என்ன? வாடகை பில்லில் தனி வரியாக வரட்டும். சொந்தப் பெட்டி வைத்திருப்பவருக்கு அந்த வரி நீங்கட்டும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் குறித்த நாளுக்குள் வந்து சேரட்டும். கேட்பது இவ்வளவுதான்.

வாடகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொத்தேரியிலோ கூடுவாஞ்சேரியிலோ ஆறு மாதம் தங்கிப் படிக்கிற பிள்ளை வாடகைக்கே எடுக்கட்டும். மாமல்லபுரத்துக்கு வருகிற சுற்றுலாப் பயணி ஐந்து ரதம் பார்க்க வாடகை சைக்கிள் எடுக்கிறார், அது சரி. ஊர்ப் பையன் தினமும் பள்ளிக்கூடம் போக வாடகை சைக்கிள் எடுத்தால் அவன் அப்பாவை என்ன சொல்வோம்?

ஆகவே வீட்டுப்பாடம்: பில்லைப் பாருங்கள். வாடகை இருந்தால் எழுத்து மூலமாக விளக்கம் கேளுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், ஊரில் உள்ள அப்பா அம்மாவின் பில்லை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள். எத்தனை பேர் வீட்டில் அந்த வரி இருந்தது என்று கீழே எழுதுங்கள். வகுப்பில் கை தூக்காதவர்களும் இங்கே தூக்கலாம்.