வெட்டிய மறுநாள்

கரப்பான் பூச்சியை அடிக்கவே மனைவியைக் கூப்பிடும் ஆசாமிகள், தியேட்டரில் பண்ணையார் கழுத்தில் அரிவாள் இறங்கும்போது விசில் அடிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வீட்டு வேலை செய்யும் அம்மா மாசம் நூறு ரூபாய் கூடக் கேட்டால் 'தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம்' என்கிறவர், இருட்டில் முழுநேரப் புரட்சிக்காரர். விளக்கு போட்டதும் பழையபடி சாதுவாகி, பார்க்கிங் டோக்கனைத் தேடிக்கொண்டிருப்பார்.

கிண்டல் இல்லை ஸார். நாம எல்லாருமே அந்த ரகம்தான். ஆபீசில் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை எங்காவது இறக்கி வைக்க வேண்டாமா? அதற்காகத்தான் டிக்கெட் எடுக்கிறோம்.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. இருக்கிறவன், இல்லாதவன் என்ற ஏற்றத்தாழ்வை எதிர்த்துக் கதையில் ஒருத்தன் கத்தியைத் தூக்கினால் அது நியாயமா?

இதில் ரெண்டு கட்சி உண்டு. 'கதைதானேய்யா, விடு' என்பது ஒன்று. 'இதையெல்லாம் பார்த்துத்தான் பசங்க கெட்டுப் போறாங்க' என்பது இன்னொன்று. முதல் கட்சிக்குக் கதை பஞ்சு மிட்டாய். ரெண்டாவது கட்சிக்கு எலி மருந்து. ரெண்டு பேருமே கதையைக் கடைசிவரை படிக்கவில்லை என்பது என் சந்தேகம்.

நம்ம சினிமாவில் இதற்கென்று ஒரு பழைய பேங்க் கணக்கு இருக்கிறது. முதல் ஒன்றரை மணி நேரம் பண்ணையாரின் பாவங்களை வரவு வைத்துக்கொண்டே வருவார்கள். நாய்க்குப் பால் சோறு, கூலிக்காரனுக்குச் சவுக்கடி, ஹீரோவின் தங்கை மேல் ஒரு பார்வை. கிளைமாக்ஸில் வட்டியோடு மொத்தத்தையும் எடுத்துவிடலாம். அந்த நேரத்தில் நம் கையில் வெட்டுவதற்கு ஒரு லைசென்ஸ் வந்துவிடுகிறது. 1965ல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். கையில் வெறும் சாட்டை. அப்புறம் வந்த ஹீரோக்கள் அரிவாளுக்கு மாறி, துப்பாக்கிக்குப் போனார்கள். கருவிதான் மாறியது, கணக்குப் புத்தகம் அதேதான். வில்லன் விழுவான், போலீஸ் ஜீப் வரும், 'வணக்கம்' போடுவார்கள், நாம் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவோம்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று: சரி, மறுநாள் காலையில என்ன ஆச்சு? பண்ணையாரின் நிலம் யார் பேருக்குப் போச்சு? கூலி ஒரு படி ஏறிச்சா? வெட்டினவன் வீட்டில் அன்னிக்கு யார் உலை வைத்தது?

இந்தக் கேள்விக்காகவே எழுதினது போல ஒரு நாவல் தமிழில் இருக்கிறது. பூமணியின் 'வெக்கை', 1982. வழக்கமாகக் கடைசியில் வரவேண்டிய கொலை அதில் ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. அண்ணனைக் கொன்ற நிலக்காரரைப் பதினைந்து வயசுப் பையன் வெட்டிவிட்டு ஓடுகிறான். கையை மட்டும் வெட்டத்தான் நினைத்தான், ஆள் போய்விட்டார். மீதி நாவல் முழுக்க மறுநாள்தான். அப்பாவும் பையனும் காடு கரை என்று எட்டு நாள் ஒளிந்து திரிகிறார்கள். என்ன சாப்பிடுவது, எங்கே படுப்பது, அம்மா என்ன ஆனாள், தங்கச்சி எப்படி இருக்கிறாள்? கடைசியில் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். பையன் செய்தது தப்பு என்று பூமணி எங்கேயும் பிரசங்கம் பண்ணவில்லை. சபாஷ் என்று தட்டிக் கொடுக்கவும் இல்லை. ஒரு வெட்டுக்கு ஒரு குடும்பம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கிறது என்று பில்லை மட்டும் நம் முன்னால் வைக்கிறார்.

அதையே வெற்றிமாறன் 2019ல் 'அசுரன்' என்று எடுத்தபோது, சண்டைக் காட்சிகளுக்குத் தியேட்டர் அதிர்ந்தது. ஆனால் படம் முடிவது சண்டையில் இல்லை. படிப்புதான் யாராலும் பிடுங்க முடியாத சொத்து என்று அப்பா பையனுக்குச் சொல்வதில். விசில் அடித்த கைகள் அந்த இடத்தில் கொஞ்சம் சும்மா இருந்ததே, அதுதான் டைரக்டரின் வெற்றி.

அடுத்து அரவிந்த் அடிகாவின் 'தி ஒயிட் டைகர்'. 2008ல் புக்கர் பரிசு வாங்கிய நாவல். பல்ராம் என்கிற டிரைவர். முதலாளியின் மனைவி குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒரு குழந்தையின் மேல் ஏற்றிவிடுகிறாள். 'நான்தான் ஓட்டினேன்' என்று பல்ராமிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். பிற்பாடு அவன் உடைந்த விஸ்கி பாட்டிலால் முதலாளியைக் குத்திக் கொன்றுவிட்டு, ஏழு லட்சத்தோடு பெங்களூருக்கு ஓடுகிறான். போலீஸுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கால் சென்டர்களுக்கு டாக்ஸி விட்டு, பெரிய மனுஷன் ஆகிறான். ராத்திரி ஷிப்டுக்கு கம்பெனி வண்டியில் போகிற நண்பர்கள் இதைப் படித்துவிட்டு டிரைவரின் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கக்கூடும்.

மறுநாளை அடிகாவும் விடவில்லை. பல்ராமின் வண்டி ஒன்று சைக்கிளில் போன ஒரு பையனை அடித்துக் கொன்றுவிடுகிறது. முதலாளி பல்ராம் என்ன செய்கிறான்? போலீஸைச் சரிக்கட்டி, பையன் வீட்டுக்குப் பணம் கொடுக்கிறான். பழியை டிரைவர் தலையில் கட்டவில்லை, அந்த மட்டும் முன்னேற்றம். ஆனால் நாற்காலி அப்படியேதான் இருக்கிறது, உட்கார்ந்திருக்கிற ஆள்தான் வேறு. ஊரில் இருக்கும் தன் குடும்பத்தையே முதலாளி வீட்டார் பழிவாங்கித் தீர்த்திருப்பார்கள் என்று தெரிந்தேதான் இதைச் செய்தான். படிக்கும்போது அவன் கோபம் நூற்றுக்கு நூறு நமக்குப் புரிகிறது. அவன் டாக்ஸி கம்பெனியைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

மூன்றாவது, கொரியாக்காரர் போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' (2019). ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பரிசை வாங்கிய முதல் வேற்று மொழிப் படம். பாதி பூமிக்குள் புதைந்த வீட்டில் வசிக்கும் ஏழைக் குடும்பம், பொய் சொல்லி ஒரு பணக்கார வீட்டில் ஆளுக்கொரு வேலையில் சேர்ந்துகொள்கிறது. அந்த வீட்டுக்கு அடியில், கடன்காரர்களுக்குப் பயந்து பல வருஷமாக ஒருத்தன் ஒளிந்திருக்கிறான், பழைய வேலைக்காரியின் புருஷன். ஏழைகள் ரெண்டு தரப்பும் சந்தித்ததும் முதலாளிக்கு எதிராகக் கூட்டணி வைப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டு சாகிறார்கள். பணக்காரர் மேல் கத்தி பாய்வது, அவர் ஏழையின் வாசனைக்கு மூக்கைப் பொத்திய அந்த ஒரு வினாடியில்தான்.

மறுநாள்? வீடு கைமாறுகிறது, வேறொரு வசதியான குடும்பம் குடிவருகிறது. குத்தினவர் அதே நிலவறையில் போய் ஒளிகிறார். அவர் மகன் ஒருநாள் அந்த வீட்டையே வாங்கப்போவதாகக் கனவு காண்கிறான். அதாவது, ரத்தம் சிந்தின பிறகும் மாடிப்படி இடியவில்லை, ஏறுகிற ஆசைதான் மிச்சம்.

'கதையெல்லாம் சரி, நிஜத்துல?' என்பீர்கள். நிஜம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி. கூலியில் நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டு, செங்கொடி பிடித்த விவசாயத் தொழிலாளர்களின் சேரி. தாக்க வந்தவர்களுக்குப் பயந்து ஒரே குடிசையில் அடைந்துகொண்ட 44 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள், தீ வைத்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்களை 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்று தீர்ப்பு சந்தேகப்பட்டது. கதையில் இப்படி ஒரு வரி எழுதினால் எந்த எடிட்டரும் 'நம்பற மாதிரி இல்லையே' என்று அடித்துவிடுவார். இந்தக் கொடுமையை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதி, 1977ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார்.

நிஜ வெண்மணிக்கு ரெண்டு விதமாக மறுநாள் வந்தது. விடுதலையானவர்களில் முக்கியமான நிலச்சுவான்தார் 1980ல் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தச் சேதியைக் கேட்டு அந்த வட்டாரத்தில் சில வயிறுகள் குளிர்ந்திருந்தால், குளிர்ந்தது தப்பு என்று மெட்ராஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன். கோர்ட் கைவிட்ட இடத்தில் அரிவாள் முளைப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இரண்டாவது மறுநாள் ரொம்ப மெதுவாக வந்தது. வெண்மணியைக் கேள்விப்பட்டு அந்தப் பக்கம் வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், கணவரோடு சேர்ந்து 1981ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். மிராசுதார்களிடம் நடையாய் நடந்து விலை பேசி, பேங்க் பேங்க்காகக் கடனுக்கு அலைந்து, நிலத்தைக் கூலிக்காரக் குடும்பங்களின் பெண்கள் பேரில் பதிவு செய்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இப்படி நிலம் வந்தது.

'அரிவாள் பயம் இல்லாம மிராசுதார் பேச்சுக்கு வந்திருப்பாரா?' என்று ஒரு நண்பர் மடக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வெண்மணியில் மிராசுதார்களைக் கொதிக்க வைத்தது எது? கூலிக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, பேசின கூலி வந்தால்தான் வேலை என்று நின்றது. அரிவாள் ஒரு ஆளைத்தான் பயமுறுத்தும். சங்கம் மொத்த ஏற்பாட்டையே பயமுறுத்தும்.

கஷ்டம் என்னவென்றால், சப்ரிஜிஸ்டிரார் ஆபீசில் ஒரு பாட்டி கைநாட்டு வைக்கிற ஸீனுக்கு யாரும் விசில் அடிப்பதில்லை. ஃபைட் மாஸ்டருக்கும் அதில் வேலை இல்லை. அதனால் அரிவாள் ஸீனை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை 'வணக்க'த்துக்குள் அமுக்கிவிடுகிறார்கள்.

ஆகவே, கதையில் வன்முறை நியாயமா என்று கேட்டால் என் பதில் இதுதான்: கோபம் நியாயமாகவே இருக்கலாம். வெட்டினவனைக்கூட மன்னிக்கலாம். ஆனால் வெட்டோடு கதையை முடித்து, பில்லை மறைத்துவிட்டு நம்மை வீட்டுக்கு அனுப்புகிற ஆசிரியரை மன்னிக்கக் கூடாது. ஏழையின் கோபத்தைக் காட்டி வசூல் பண்ணிவிட்டு, அவன் நிலம் என்ன ஆச்சு என்று சொல்லாமல் போவதும் ஒரு வகைச் சுரண்டல்தான்.

அடுத்த தடவை விசில் அடியுங்கள், தாராளமாக. அடித்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் 'நிலம் யார் பேர்ல போச்சு?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அப்படியே வீட்டுக்குப் போய், அந்த வேலைக்கார அம்மாவின் நூறு ரூபாய் விஷயத்தையும் இந்த மாசமே முடித்துவிடுங்கள்.