பார்க்கிங் லாட்டில் ஒரு படம்

டல்லஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளில், பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை இருந்தால், ஆகஸ்ட் பிறந்ததும் இரண்டு பேச்சுதான். கல்லூரி விண்ணப்பம் ஒன்று, சீனியர் போட்டோவை எங்கே எடுப்பது என்பது இன்னொன்று. விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகளை வருஷா வருஷம் படம் எடுத்துக் கொடுப்பவள் என்பதால் இரண்டாவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

இங்கே பள்ளியின் கடைசி ஆண்டு மாணவர்களை சீனியர் என்பார்கள். ஆண்டு மலருக்கான படத்தைப் பெரும்பாலும் பள்ளி ஏற்பாடு செய்த ஸ்டூடியோதான் எடுக்கும். பெண்களுக்குத் தோளில் கறுப்புத் துணி, பையன்களுக்கு டக்ஸீடோ, எல்லோருக்கும் பின்னால் ஒரே திரை. அது முடிந்த பிறகு குடும்பம் தன் செலவில் வெளியே போய் எடுப்பதுதான் வீட்டுச் சுவரில் மாட்டும் படம். பட்டமளிப்பு அழைப்பிதழில் அச்சாவதும் அதுதான். அந்தப் படத்துக்குத்தான் இவ்வளவு இடத் தேடல்.

இடத்துக்கு இந்த ஊரில் குறைவில்லை. இர்விங்கில் இருப்பவர்கள் லாஸ் கோலினாஸ் குதிரைகளைச் சொல்வார்கள். ஒன்பது வெண்கலக் குதிரைகள் தண்ணீர் சிதற ஓடையைக் கடக்கும் சிற்பம், ராபர்ட் க்ளென் செய்தது, 1984இல் திறந்தார்கள். ஒயிட் ராக் ஏரிக்கரையில் இருக்கும் தாவரவியல் பூங்காவைச் சிலர் சொல்வார்கள். அம்மாக்களின் மனசில் இருப்பது வேறு: பாவாடை தாவணி, கோயில் மண்டபம். எல்லாமே அழகான இடங்கள்தான். ஆனாலும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்பேன்: இந்த நாலு வருஷ ஹைஸ்கூலில் நீ அதிக நேரம் இருந்த இடம் எது?

சென்ற ஆண்டு ஒரு பெண் யோசிக்கவே இல்லை. "பேண்ட் பார்க்கிங் லாட், ஆன்ட்டி" என்றாள். மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிப்பவள். அவள் அம்மாவுக்குக் கோயம்புத்தூர் பக்கம். "ஏனுங்க்கா, காரு நிறுத்தற எடத்துல போயி யாராச்சும் போட்டோ எடுப்பாங்களா? நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் அவளுக்கு எதையும் எடுத்துச் சொல்லவில்லை. போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

டெக்சஸ் பள்ளிகளில் ஃபுட்பால் ஆட்ட இடைவேளையில் அணிவகுத்து வாசிக்கும் குழுதான் மார்ச்சிங் பேண்ட். பள்ளி திறப்பதற்கு முன்பே, ஆகஸ்ட் வெயிலிலேயே பயிற்சி ஆரம்பித்துவிடும். மைதானம் எப்போதும் கிடைக்காது என்பதால் பல பள்ளிகளில் கார் நிறுத்துமிடத்திலேயே மைதானத்தின் கோடுகளைப் பெயின்டால் வரைந்து வைத்திருப்பார்கள். 5 கஜத்தை 8 எட்டு வைத்துக் கடக்க வேண்டும் என்று கணக்கு. ஒவ்வொரு இசைத் துணுக்குக்கும் யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு புள்ளி உண்டு. அதை அவர்கள் 'டாட்' என்கிறார்கள்.

நாங்கள் அங்கே போனபோது அந்தப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். 40 என்று எழுதிய கோட்டிலிருந்து இரண்டு எட்டு தள்ளிப் போய், குனிந்துகூடப் பார்க்காமல் நின்றாள். "அம்மா, இதான் என் டாட். ஃபினாலேல இங்கதான் நிப்பேன்." அம்மா பக்கத்தில் போனார். பெயின்ட் தேய்ந்துபோன கோட்டைச் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தார். "தெனமும் ஆறு மணிக்கு இங்கதான் எறக்கி உட்டுட்டுப் போறேன். உள்ள என்ன பண்றீங்கன்னு ஒரு நாளும் எறங்கிப் பாக்கலையே, கண்ணு" என்றார். மகள் அவருக்கு மற்ற புள்ளிகளையும் காட்டத் தொடங்கினாள். நான் கேமராவை எடுத்தேன். அன்றைக்கு எடுத்ததில் நல்ல படங்கள் எல்லாம் அவர்கள் இருவரும் அந்தக் கோடுகளின் மேல் நடந்தபோது கிடைத்தவை.

உணர்ச்சிக்காக மட்டும் அந்த இடத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. படம் எடுக்கிறவளாகவும் சொல்கிறேன், பொழுது சாயும் நேரத்தில் வெளிர் கான்கிரீட் தரை அருமையானது. வானத்து வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்பும், கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. அடர்ந்த புல்வெளியில் எடுத்தால் தாடைக்கு அடியில் பச்சை சாயை ஏறும். வெள்ளைச் சுவர் முன்னால் நம் மாநிறப் பிள்ளைகளை நிறுத்தினால் கேமரா சுவரின் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்து முகத்தை இருட்டாக்கிவிடும். அதைத் திருத்தத் தெரிந்த ஆள் வேண்டும். எந்த இடமானாலும் மத்தியான வெயில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆகஸ்டில் இங்கே சூரியன் மறைய இரவு எட்டு மணி ஆகிறது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் ஐந்தரைக்கே பொழுது அடைந்துவிடும். அதற்குள் எடுத்து முடித்துவிடுவது நல்லது.

ஓர் இடத்துக்கு மட்டும், யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும் நான் வரமாட்டேன். ரயில் தண்டவாளம். இரண்டு கம்பிகள் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல் தெரியும் காட்சி பிள்ளைகளை இழுக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் தண்டவாளம் ரயில் நிறுவனத்தின் சொத்து, அதில் ஏறி நிற்பதே அத்துமீறல். சரக்கு ரயில் பிரேக் போட்டு நிற்க ஒரு மைலுக்கு மேல் ஆகும். பெட்டி தண்டவாளத்தைத் தாண்டி இரு பக்கமும் சுமார் 3 அடி நீட்டிக்கொண்டிருக்கும். சத்தம் கேட்டதும் விலகிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2017 மார்ச்சில் இதே டெக்சஸில், நவசோட்டாவில், படம் எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் ஒரு தண்டவாளத்தில் வந்த ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அடுத்த தண்டவாளத்தில் வந்த ரயிலில் அடிபட்டு இறந்தார். பெற்றோர்களே, போட்டோகிராஃபர் தண்டவாளத்தைச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

புளூபானெட் பூக்களைக் கேட்பவர்களிடம் இவ்வளவு கறாராக இருக்கமாட்டேன். 1901இலிருந்து டெக்சஸின் மாநில மலர் அது. மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுவரை பூக்கும். தெற்கே என்னிஸ் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் நீலம்தான். ஆனால் நட்ட நடுவில் போய் உட்காராதீர்கள். ஒரு பருவத்துச் செடி, மிதித்துவிட்டால் காய் பிடிக்காது, காய் இல்லையென்றால் அந்த இடத்தில் அடுத்த ஆண்டுக்கு விதை விழாது. ஏற்கனவே இருக்கும் ஒற்றையடிப் பாதையில் பிள்ளையை உட்காரவைத்து, கேமராவைத் தாழ்வாகப் பிடித்து எடுத்தால் பூவுக்கு நடுவே இருப்பதுபோலத்தான் விழும். நெருப்பெறும்புப் புற்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாம்பும் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தி இறங்குவதையும் தவிர்த்துவிடுங்கள்.

கிளாரினெட் பெண்ணின் அம்மா விரும்பிய தாவணிப் படத்தையும் அடுத்த வாரமே கோயிலில் எடுத்தோம். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டிய அவசியம் இல்லை. தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று தெரிந்ததாலோ என்னவோ, தாவணிக்கு அவள் மறுப்பே சொல்லவில்லை, பூ மட்டும் கொஞ்சமாக வைக்கச் சொன்னாள்.

பள்ளி வளாகத்தில் எடுப்பதாக இருந்தால் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பேண்ட் பயிற்சி இருக்கும் மாலைகளை விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், ஃபுட்பால் ஆட்டத்துக்கு வருகிற கார்கள் கோடுகளை மறைத்து நின்றுவிடும். ஞாயிறு மாலை நல்லது. எந்த உடை என்று பேசத் தொடங்குவதற்கு முன்னால் இடத்தைப் பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். பார்க்கிங் லாட் என்று சொன்னால் ஹீல்ஸ் செருப்பு வாங்கும் செலவு மிச்சம்.