எலெக்ஷன் நடத்தும் உத்தியோகத்துக்கு எஜமான் யார்?

சென்ற வாரம் உத்தமபாளையத்தில் நாம் பேசி முடித்து உட்கார்ந்ததும், கோம்பையிலிருந்து வந்திருந்த ஒரு வாலிபத் தோழர் எழுந்து ஒரு கேள்வி போட்டார். "ஐயா, அமெரிக்காவிலே எலெக்ஷன் நடத்துகிற அதிகாரியையே ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே! இங்கே மாத்திரம் அவரை டில்லியிலிருந்து ஏன் இறக்க வேண்டும்? நாமே தேர்ந்தெடுத்தால் என்ன?" என்பது கேள்வி. கூட்டத்தில் கை தட்டினார்கள். நமக்கும் கேள்வி பிடித்திருந்தது. ஆனால் மணி பத்தாகி, ஒலிபெருக்கிக்கு வாங்கின அனுமதியும் முடிந்துவிட்டபடியால் இரண்டு வார்த்தையோடு நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே மீதியை இங்கு எழுதுகின்றோம்.

அமெரிக்காவில் 50 ராஜ்யங்கள் இருக்கின்றன. முழு நாட்டுக்கும் எலெக்ஷன் நடத்துகிற ஒரே கமிஷன் நமக்கு இருப்பது போல் அவர்களுக்கு இல்லை. ஒவ்வொரு ராஜ்யமும் தன் எலெக்ஷனைத் தானே நடத்திக் கொள்ளுகின்றது. அநேக ராஜ்யங்களில் இந்த வேலைக்குத் தலைவராக இருப்பவருக்கு ராஜ்யக் காரியதரிசி என்று பெயர். இந்த உத்தியோகத்துக்குப் பெரும்பாலும் ராஜ்யம் முழுவதும் ஓட்டு எடுக்கின்றார்கள். அபேக்ஷகர்கள் கட்சிச் சீட்டில் நின்று, பணம் வசூல் செய்து, எதிர்க்கட்சிக்காரனை வாய்க்கு வந்தபடி பேசி, ஜெயித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவுடன் "இனி நான் நடுநிலைக்காரன்" என்கின்றார்கள். கிடா வெட்டினவன் கையைக் கழுவிவிட்டு ஜீவகாருண்யப் பிரசங்கம் செய்வது போல்தான் இது இருக்கின்றது.

இதன் பலனைப் பாருங்கள். 2000-ம் வருஷம் ஃபுளோரிடா ராஜ்யத்தில் இந்த உத்தியோகத்தில் இருந்த காத்தரின் ஹாரிஸ் என்னும் அம்மையார், அதே சமயத்தில் அந்த ராஜ்யத்தில் ஜார்ஜ் புஷ்ஷின் பிரசாரக் கமிட்டிக்கு இணைத் தலைவராகவும் இருந்தார். 537 ஓட்டு வித்தியாசத்தில் புஷ்தான் ஜெயித்தார் என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே. 2018-ல் ஜார்ஜியா ராஜ்யத்தில் பிரையன் கெம்ப் என்பவர் காரியதரிசி உத்தியோகத்தை விடாமலே கவர்னர் பதவிக்கு நின்றார். எலெக்ஷன் நாள் முடிகிற வரையில் ராஜினாமாச் செய்யவில்லை. சுமார் 55 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். பந்தயத்தில் ஓடுகிறவனே கோட்டருகில் நின்று முதலில் வந்தவன் யார் என்றும் பார்த்துச் சொல்லுகின்றான்! அவர் ஒன்றும் தப்புச் செய்யவில்லை என்றே வைத்துக் கொள்ளுவோம். தோற்றவன் அதை நம்புவானா?

அமெரிக்காவில் யோக்கியர்களே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கெம்ப்புக்குப் பிறகு அதே ஜார்ஜியாவில் அதே உத்தியோகத்துக்கு வந்த பிராட் ராஃபென்ஸ்பெர்கர் என்பவர், டிரம்பின் கட்சியைச் சேர்ந்தவர். 2021 ஜனவரி 2-ந் தேதி டிரம்ப் டெலிபோனில் கூப்பிட்டு, 11,780 ஓட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும் என்று கேட்டபோது, அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷமே, 2020 எலெக்ஷன் முடிவு பொய் என்று பிரசாரம் செய்து வந்தவர்கள் அரிஸோனா, நெவாடா, மிச்சிகன் ஆகிய ராஜ்யங்களில் இதே உத்தியோகத்துக்கு நின்றார்கள். மூன்று இடத்திலும் தோற்றார்கள். தோற்றது நல்லதே. ஆனால் ஜெயித்திருந்தால்? ஒருவன் யோக்கியனாக வாய்த்ததாலும், சிலர் தோற்றுப் போனதாலும் ஒரு நாடு பிழைத்தது என்பது அதிர்ஷ்டமே தவிர ஏற்பாடல்ல. அதிர்ஷ்டத்தை நம்பி நாட்டை நடத்துவதற்கும் ஜோசியனை நம்பிக் கலியாணம் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

இந்த முறையை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதைக் கோம்பைத் தோழருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் பணப் பட்டுவாடாவுக்காக வேலூரில் பார்லிமெண்டு எலெக்ஷனையே ரத்துச் செய்ய வேண்டி வந்த நாடு இது. ஓட்டுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, சூடத்தை ஏற்றி, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லுகின்றார்கள். வாங்கினவன் மாற்றிப் போட்டுவிட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்று அவனும் பயப்படுகின்றான். (கொடுத்தவன் கண்ணை அந்தச் சாமி இதுவரை ஏன் குத்தவில்லை என்று அவன் கேட்பதில்லை.) எலெக்ஷன் நடத்துகிறவனுக்கும் எலெக்ஷன் என்றால் அவனுக்காகவும் இதே பணம் வரும், இதே சூடம் எரியும்.

நிற்க. அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா என்பதுதான் இப்போது கேள்வி.

நம் அரசியல் சட்டப்படி எலெக்ஷன் கமிஷனரை நியமிக்கின்றவர் ஜனாதிபதி. ஜனாதிபதி என்றால் மந்திரிசபை, மந்திரிசபை என்றால் பிரதம மந்திரி. அடுத்த எலெக்ஷனில் நிற்கப் போகிற ஆள்தான் அந்த எலெக்ஷனை நடத்துகிறவனுக்கு உத்தியோக உத்தரவு கொடுக்கின்றார். இதில் உள்ள ஆபத்து பெரியவர்களுக்குத் தெரியாமல் போகவில்லை. 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் சிப்பன் லால் சக்ஸேனா என்னும் மெம்பர், இந்த நியமனத்துக்குப் பார்லிமெண்டில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டுமென்றார். அம்பேத்கரும், ஒரு முட்டாளோ அயோக்கியனோ சர்க்காரின் கைக்குள் அடங்கியவனோ அந்த நாற்காலியில் வந்து உட்காராமல் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். பார்லிமெண்டு பின்னால் ஒரு சட்டம் செய்து கொள்ளட்டும் என்று விட்டார்கள். அந்தச் "பின்னால்" வர 70 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் டில்லியில் இருந்த எந்தக் கட்சியும் அந்தச் சட்டத்தைச் செய்து முடிக்கவில்லை. காங்கிரசும் முடிக்கவில்லை, மற்றவர்களும் முடிக்கவில்லை. கையில் இருக்கிற சாட்டையை எவன் தானாகக் கீழே போடுவான்?

2022 நவம்பரில் இந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடந்து கொண்டிருக்கும்போதே, அருண் கோயல் என்னும் அதிகாரி 18-ந் தேதி சர்க்கார் உத்தியோகத்திலிருந்து தாமாக ஓய்வு பெற்று 19-ந் தேதி எலெக்ஷன் கமிஷனர் ஆனார். ஒரு பட்டா மாறுதலுக்குத் தாலூகா ஆபீசுக்கு எத்தனை நடை நடக்கின்றோம் என்பதை வாசகர்கள் இங்கே நினைத்துக் கொள்ளவும். 2023 மார்ச் 2-ந் தேதி ஐந்து ஜட்ஜுகளும் ஏகமனதாக, பார்லிமெண்டு சட்டம் செய்கிற வரையில் பிரதம மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர், சுப்ரீம் கோர்ட் பிரதம நீதிபதி ஆகிய மூவர் கமிட்டி சொல்லுகிறபடிதான் நியமனம் நடக்க வேண்டும் என்று தீர்ப்புச் செய்தார்கள். உடனே சர்க்காருக்கு 70 வருஷ மறதி தெளிந்தது! அந்த டிசம்பரிலேயே சட்டம் வந்துவிட்டது. லோக்சபையில் அது நிறைவேறும்போது எதிர்க்கட்சி மெம்பர்களில் சுமார் 100 பேர் சஸ்பெண்டு ஆகி வெளியே இருந்தார்கள். சட்டத்தில் மூவர் கமிட்டி அப்படியே இருக்கின்றது. நீதிபதியை மாத்திரம் எடுத்துவிட்டு, பிரதம மந்திரி சொல்லுகிற ஒரு மந்திரியை அந்த இடத்தில் வைத்தார்கள்.

இதை நம் பள்ளத்தாக்குப் பாஷையில் சொல்லுகின்றோம். பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்பில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குப் பாய்கின்றது. மடை திறக்கிறவனை நியமிக்க மூன்று பேர் பஞ்சாயத்து. ஒருவர் தலைமடைப் பெரிய பண்ணை. இன்னொருவர் பண்ணையின் கணக்குப்பிள்ளை. மூன்றாவது ஆள் கடைமடைக்காரன். ஓட்டெடுத்து முடிவு செய்யலாம் என்கின்றார் பண்ணையார். கடைமடையில் நாற்று எப்படி இருக்கும் என்று சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை.

2024 மார்ச்சில் இந்தக் கமிட்டி கூடியபோது, கடைமடைக்காரராகப் போயிருந்த அதீர் ரஞ்சன் சௌத்ரி, முந்தின இரவு தமக்கு 212 பேருடைய ஜாபிதா வந்ததாகவும், அதில் பொறுக்கி எடுத்த 6 பேர் யார் என்பது கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் தெரிந்ததாகவும் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அதற்கு ஐந்து நாள் முன்னால், பார்லிமெண்டு எலெக்ஷனை வாசலில் வைத்துக்கொண்டு, மேலே சொன்ன அருண் கோயல் ராஜினாமாச் செய்துவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவும் சொன்னால் படித்த கனவான்கள், "சேஷனைப் போல் ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கின்றார்கள். டி.என்.சேஷன் நமக்கு அந்நியர் அல்ல. நம் தேனியும் கம்பமும் மதுரை ஜில்லாவில் இருந்த காலத்தில் அங்கே கலெக்டராக இருந்தவர். 1990 முதல் 1996 வரை எலெக்ஷன் கமிஷனில் இருந்துகொண்டு மந்திரிகளை நடுங்க வைத்தார் என்பது உண்மை. ஆனால் நடந்தது என்ன? 1993 அக்டோபரில் சர்க்கார் அவருக்கு இருபக்கமும் இரண்டு கமிஷனர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. அவதாரத்தின் கையைக் கட்ட ஒரு சர்க்கார் உத்தரவு போதுமானதாக இருந்தது. உத்தியோகம் முடிந்தபின் அவர் 1997-ல் ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றார், 1999-ல் காந்திநகரில் காங்கிரஸ் சீட்டில் அத்வானியை எதிர்த்து நின்று தோற்றார். அவருக்குப் பின் கமிஷனராக இருந்த எம்.எஸ்.கில், காங்கிரசில் ராஜ்யசபை மெம்பராகி 2008-ல் மந்திரியும் ஆனார். அவர்கள் உத்தியோகத்தில் இருந்தபோது பட்சபாதம் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு கட்சியில் இலை போடுவார்கள் என்று தெரிந்தால் இன்றைக்குக் கை கோணாமல் இருக்குமா என்று பாமரன் சந்தேகப்படுவதில் என்ன தப்பு?

சந்தேகத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2019 மே மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து 50 ஓட்டு இயந்திரங்கள் தேனிக்கு வந்திறங்கியபோது ஊரே கொதித்தது. மறு ஓட்டுப்பதிவு வந்தால் வேண்டியிருக்கும் என்று கொண்டுவந்தோம் என்றார்கள் அதிகாரிகள். மறு ஓட்டுப்பதிவும் நடந்தது. அதிகாரிகள் சொன்னது நிஜமாகவே இருக்கட்டும். ஆனால் ஜனங்கள் ஏன் நம்பவில்லை? எண்ணுகிறவனை வைத்தவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால்தான்.

ஓட்டர் ஜாபிதாவும் இந்த உத்தியோகத்தின் கையில்தான் இருக்கின்றது. 1951-52 முதல் எலெக்ஷனில், "இன்னாருடைய பெண்சாதி", "இன்னாருடைய தாயார்" என்று மாத்திரம் எழுதிக் கொடுத்து, சொந்தப் பேர் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பேரைச் சுகுமார் சென் அடித்துவிட்டார். பெரும்பாலும் வடநாட்டில் நடந்தது அது. பெண்ணுக்குப் பேர் இல்லாமல் செய்த சமூகத்துக்கு அது சரியான சூடு என்பது நம் அபிப்பிராயம், என்றாலும் ஓட்டை இழந்தது அந்தப் பெண்கள்தானே! தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19-ந் தேதி வெளிவந்த வரைவு ஜாபிதாவில் சுமார் 97 லட்சம் பேர்கள் இல்லை. செத்தவர்கள், ஊர் மாறினவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் என்றார்கள். மெத்தச் சரி. விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறிக் குமுளிக்கும் போடி மெட்டுக்கும் அப்பால் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களும், அங்கேயே தங்கி வேலை செய்கிற குடும்பங்களும் நம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் இருக்கின்றார்கள். அதிகாரி வந்து கதவைத் தட்டும்போது பூட்டுத் தொங்கினால், அந்தப் பூட்டு "ஊர் மாறினவர்" ஆகிவிடாமல் பார்த்துக் கொள்ளுகிறவன் யார்? அந்த ஆளுடைய எஜமான் யார் என்பதைத்தான் நாம் இத்தனை நேரம் கேட்டுக் கொண்டிருக்கின்றோம்.

டில்லியை மாத்திரம் சொல்லிவிட்டு உள்ளூரை விட்டுவிட்டால் அது பித்தலாட்டம். பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி எலெக்ஷன்களை நடத்துகிற மாநில எலெக்ஷன் கமிஷனரை நியமிப்பதும் மாநில மந்திரிசபை சொல்லுகிறபடிதான். கோவாவில் சட்டக் காரியதரிசியையே இந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி வைத்திருந்தார்கள். சர்க்கார் சம்பளக்காரனை இதில் வைக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டி வந்தது. ஆந்திராவில் 2020-ல் ரமேஷ் குமார் என்னும் கமிஷனர் கொரோனாவுக்காக எலெக்ஷனைத் தள்ளி வைத்தார் என்று, ஜெகன் மோகன் சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு அவருடைய 5 வருஷப் பதவியை 3 வருஷமாக வெட்டி வீட்டுக்கு அனுப்பி, சென்னை ஹைக்கோர்ட்டில் ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை அந்த இடத்தில் வைத்தது. ஹைக்கோர்ட் அதை ரத்துச் செய்து பழைய ஆளைத் திரும்ப உட்கார வைத்தது.

நம் தமிழ்நாட்டில்? 2016 அக்டோபரில் நடக்க இருந்த ஸ்தல ஸ்தாபன எலெக்ஷன், அறிவிப்பு சரியில்லை என்று ஹைக்கோர்ட்டில் ரத்தாயிற்று. தேனி ஜில்லாக் கிராமங்களுக்குப் பஞ்சாயத்து எலெக்ஷன் வந்தது 2019 டிசம்பரில். கம்பம், கூடலூர், சின்னமனூர், போடி, பெரியகுளம், தேனி ஆகிய ஆறு முனிசிபாலிட்டிகளுக்கும் வந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் கம்பத்துக்காரனுக்குத் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு கவுன்சிலர் இல்லை. ஆளுகிற கட்சி மாறியும் பழக்கம் மாறவில்லை. கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்ததும் மறுபடி தனி அதிகாரிகளை வைத்தார்கள்.

இதில் நஷ்டம் எல்லோருக்கும் ஒன்று போல் அல்ல. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்று மூன்று ஊர்கள் இருக்கின்றன. 1996-ல் பஞ்சாயத்துத் தலைவர் பதவி அங்கே தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் எலெக்ஷன் நடந்தபாடில்லை. மனுப்போட ஆள் வரமாட்டார். அல்லது ஜாதிக்காரர்கள் ஒருவரை நிறுத்தி ஜெயிக்க வைத்து மறு மூச்சிலே ராஜினாமாச் செய்ய வைப்பார்கள். கமிஷன் தேதி போடும், தேதி போகும், மறுபடி தேதி போடும், திதி கொடுப்பது போல். 2006 அக்டோபரில்தான் உண்மையான எலெக்ஷன் நடந்து தலைவர்கள் நாற்காலியில் நிலைத்தார்கள். 1996-ல் இருந்த சட்டம்தான் 2006-லும் இருந்தது. நடத்தித்தான் தீருவது என்கிற எண்ணம் சர்க்காருக்கு வர மாத்திரம் பத்து வருஷம் வேண்டியிருந்தது. சர்க்காரின் எண்ணத்துக்குக் காத்திராத ஒரு கமிஷன் இருந்திருந்தால் அந்தப் பத்து வருஷம் அம்மக்களுக்கு வீண் போயிருக்காது.

ஆகவே கோம்பைத் தோழருக்கு நம் பதில்: அந்த உத்தியோகத்துக்கு ஓட்டெடுப்பும் வேண்டாம், மந்திரிகளின் தயவும் வேண்டாம். டில்லியில் 2023 தீர்ப்பில் சொன்ன மூவர், நீதிபதியோடு சேர்த்து, உட்கார்ந்து பொறுக்கட்டும். பேர்களை ஒரு மாதம் முன்னதாகப் பத்திரிகையில் போடட்டும். மாநிலத்துக்கும் அப்படியே முதல் மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர், ஹைக்கோர்ட் பிரதம நீதிபதி. உத்தியோகம் முடிந்தவர் எந்தக் கட்சிச் சீட்டும், எந்த சர்க்கார் பதவியும் தொடக்கூடாது. இதற்குச் சம்மதமா இல்லையா என்று, ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு அபேக்ஷகரையும், எந்தக் கொடியானாலும், தெருவில் நிறுத்திக் கேளுங்கள். டில்லிக்குச் சம்மதம், மாநிலத்துக்கு வேண்டாம் என்கிறவரும் இருப்பார், மாநிலத்துக்குச் சம்மதம், டில்லிக்கு வேண்டாம் என்கிறவரும் இருப்பார். இரண்டு பேர் பேரையும் எழுதி நமக்கு அனுப்பினால் இப்பத்திரிகையில் வெளியிடுகின்றோம்.