கொடிமரத்தில் அடித்த ஆணி

பருத்தியும் கம்பும் விளையும் கோவில்பட்டிச் சீமையிலே கப்பல் பாஷைக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். ஆங்கிலேயர் கடலோடிகள். அவர்கள் பேச்சிலே கப்பல் தளத்தில் பிறந்த தொடர்கள் அநேகம். நம் பிள்ளைகளும் அவற்றைப் படித்தே தீர வேண்டியிருக்கிறது. 'நெயில் யுவர் கலர்ஸ் டு தி மாஸ்ட்' என்பது அவற்றுள் ஒன்று.

'நிறங்களைக் கம்பத்தில் ஆணியால் அறைதல்' என்று மாணாக்கர் சிலர் எழுதுவதுண்டு. இங்கே 'கலர்ஸ்' நிறமன்று, கொடி. போர்க்கப்பல் கொடியை இறக்கினால் சரணடைந்ததாகப் பொருள். இதற்குப் பிரசித்தமான கதை ஒன்றுண்டு. 1797-ஆம் வருஷம் அக்டோபர் 11-ஆம் தேதி காம்பர்டௌன் அருகே ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் கடற்போர் மூண்டது. ஆங்கிலத் தளபதி டங்கனின் கப்பலில் கொடிமரத்தின் உச்சி குண்டுபட்டு முறிந்து, கொடியும் விழுந்தது. ஜாக் கிராபோர்டு என்ற மாலுமி குண்டுமாரிக்கிடையே மேலே ஏறி, கொடியை மரத்தோடு ஆணியால் அறைந்துவிட்டான். கயிற்றில் கட்டிய கொடியை இறக்கலாம். ஆணியடித்த கொடியை இறக்க முடியாதல்லவா?

ஆகவே, வெறும் பிடிவாதம் இத்தொடருக்குப் பொருளாகாது. தான் எந்தப் பக்கம் என்பதை ஊரறியச் சொல்லி, பின்வாங்கும் வழியையும் தானே அடைத்துக்கொள்வதே பொருள். கதவைச் சாத்திக்கொண்டு வீரம் பேசுகிறவனுக்கு இது பொருந்தாது. 'ட்ரூ கலர்ஸைக் காட்டினான்' என்பதோ வேறு தொடர். பொய்க் கொடியோடு வந்த கப்பல் நிஜக் கொடியை ஏற்றுவது அது. அதை நாம் 'சாயம் வெளுத்தது' என்போம்.

ஆணியடித்தவருக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமது கரிசல் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகவும் ஆசை காட்டியது. 1908-இல் ராஜத்துவேஷ வழக்கில் தண்டனை பெற்று, சிறையில் செக்கிழுத்தார் பிள்ளை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912-இல் விடுதலையானவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. பிற்பாடு சன்னது திரும்பக் கிடைத்து, கோவில்பட்டியிலேயே சில காலம் வக்கீல் தொழில் நடத்தினார். 1936-இல் காலமாகும் வரையில் வறுமை அவரை விடவில்லை.

கப்பலும் கைப்பொருளும் போயின. சுதேசியம் என்று ஊரறியச் சொன்ன சொல்லை மட்டும் அவர் விடவில்லை.

பரீட்சைத் தாளில் இத்தொடரை வாக்கியத்தில் அமைப்பது சுலபம். குழந்தைகளுக்குப் பொருள் சொல்லும் பெற்றோர் அதன் விலையையும் சேர்த்துச் சொல்வார்களாக.