லீனா நாயரும் நம் பாடசாலை ஆசிரியைகளும்

"பெண்கள் தலைமைத்துவம்" என்றால் மார்ச் 8 அன்று ஒரு மேடை, ஒரு பெனர், நாலு பேச்சு, ஒரு நினைவுச் சின்னம் என்று நமக்குப் பழகிவிட்டது. அடுத்த நாள் பாடசாலைக்கு வந்தால் எல்லாம் பழையபடிதான். பகுதித் தலைவர் யார், பிரதி அதிபர் யார், கூட்டத்தில் பேசுவது யார், தேத்தண்ணி ஏற்பாடு செய்வது யார் என்பதில் ஒரு மாற்றமும் இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேசலாமே. அதற்கு ஒரு பெண்ணின் தொழில் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம்.

லீனா நாயர் 1969 இல் மகாராஷ்டிராவின் கோலாப்பூரில் பிறந்தவர். சாங்லியில் வால்சந்த் பொறியியல் கல்லூரியில் இலத்திரனியல் படித்தார். பிறகு பாதையை மாற்றி, ஜம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யில் மனிதவளத் துறையைப் படித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். 1992 இல் ஹிந்துஸ்தான் லீவரில் பயிலுநர் முகாமையாளராகச் சேர்ந்தார். நம் வீடுகளில் இருக்கும் லைஃப்போய், சன்லைட் சவர்க்காரங்களைச் செய்யும் யூனிலீவரின் இந்திய நிறுவனம் அது.

சேர்ந்த புதிதில் அவர் குளிரூட்டிய கந்தோரில் உட்காரவில்லை. தொழிற்சாலைகளுக்குப் போனார். கொல்கத்தா, சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூர், மகாராஷ்டிராவில் தலோஜா. அந்த நிறுவனத்தில் இரவு வேலை பார்த்த முதல் பெண் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அவர் போன இடங்களில் பெண்களுக்கென்று கழிப்பறைகூட இருக்கவில்லை. பெண் ஒருவர் அங்கே முகாமையாளராக வருவார் என்று கட்டடம் கட்டியவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

2007 இல் ஹிந்துஸ்தான் யூனிலீவரின் மனிதவளப் பிரிவுக்கு நிறைவேற்றுப் பணிப்பாளர் ஆனார். 2016 இல் உலகளாவிய யூனிலீவரின் மனிதவளத் தலைவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் ஆசியரும் அவர்தான். ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் ஊழியர்களின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 2022 ஜனவரியில் பிரான்ஸின் புகழ்பெற்ற ஷனெல் நிறுவனத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியாகப் பொறுப்பேற்றார். ஆட்சேர்ப்பு, சம்பளம், லீவு என்று "பின்கதவு வேலை" பார்க்கும் பிரிவிலிருந்து வந்த ஒருவருக்கு இப்படியான கதிரை கிடைப்பது அபூர்வம்.

பெண் தலைமை பற்றி அவர் சொல்லிவரும் விடயங்களில் நமக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, பரிவு என்பது பலவீனம் அல்ல, அது தலைமைக்கு வேண்டிய தகுதி. மற்றது, சமத்துவம் தானாக வராது, திட்டம் போட்டு எண்ணிப் பார்த்துக் கொண்டுவர வேண்டும். யூனிலீவரில் 2010 இல் முகாமையாளர்களில் 38 வீதம் பெண்கள். 2020 இல் அது 50 வீதம். பத்து வருடங்கள் எடுத்தது. ஒவ்வொரு பதவி வெற்றிடமாகும்போதும் "இந்த இடத்துக்குப் பெண்கள் யாரைப் பார்த்தீர்கள்?" என்று ஒருவர் விடாமல் கேட்டால்தான் இப்படி நடக்கும்.

இதை எழுதும்போது ஒரு நெருடலையும் மறைக்க முடியாது. அதே நிறுவனம்தான் பல வருடங்களாக "ஃபெயார் அன்ட் லவ்லி" விற்றது. முகம் வெளுத்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும் என்று நம் பிள்ளைகளுக்கும் அது சொல்லிக்கொடுத்தது. 2020 இல்தான் "ஃபெயார்" என்ற சொல்லை எடுத்தார்கள். லீனா விளம்பரப் பிரிவில் இருந்தவர் அல்ல. ஆனாலும் மேலே பெண்கள் உட்கார்ந்தவுடன் கீழே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இது ஒரு சாட்சி. கதிரையும் மாற வேண்டும், கதிரையிலிருந்து வரும் முடிவுகளும் மாற வேண்டும்.

இனி நம் கதைக்கு வருவோம். நமது நாட்டின் அரச பாடசாலை ஆசிரியர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். பல்கலைக்கழகம் போகிறவர்களிலும் பெண்களே கூடுதல். ஆனால் அதிபர் அறைக்குள் எட்டிப் பார்த்தால் அந்த விகிதம் காணாமல் போகிறது. நமது முஸ்லிம் பாடசாலைகளில் பெண் அதிபர் என்றால் பெரும்பாலும் அது மகளிர் பாடசாலையாகத்தான் இருக்கும். கலவன் பாடசாலை என்றால் "ஒரு சேர் இருந்தால்தான் சரிவரும்" என்ற பேச்சு உடனே வந்துவிடும்.

கேட்டால் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கும். "டீச்சர்மார் தாங்களே முன்வருவதில்லையே. அதிபர் சேவைப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கச் சொன்னாலும் கரைச்சல் வேணாம் என்கிறார்கள்." இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தை இஷாவுக்குப் பிறகு வைக்கிறோம். பிரசவ லீவு 84 நாள் முடிந்து வரும் ஆசிரியையிடமிருந்து உயர்தர வகுப்பை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறோம், அது நிரந்தரமாகிவிடுகிறது. அதிபர் லீவு என்றால் பதில் கடமை பார்க்க, சேவையில் மூத்த ஆசிரியை இருக்க, இளைய ஆசிரியர் ஒருவரைக் கூப்பிடுகிறோம். வலயக் கல்விப் பணிமனையில் ஒரு வேலை என்றால் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவரை அனுப்புகிறோம். இப்படிப் பதினைந்து வருடம் எந்த நிர்வாக அனுபவமும் கிடைக்காத ஒருவரிடம் போய், "நீங்கள் ஏன் முன்வரவில்லை?" என்று கேட்கிறோம்.

அன்று அந்தத் தொழிற்சாலைகளில் இல்லாத கழிப்பறையும் இதுவும் ஒன்றுதான். யாரும் "பெண்கள் வரக் கூடாது" என்று எழுதி ஒட்டவில்லை. வருவார்கள் என்று நினைத்து எதையும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கூட்டங்களைப் பாடசாலை விடும் நேரத்தோடு வைத்து, முடியும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லலாம். பதில் கடமையைச் சேவை மூப்பின்படி சுழற்சியில் கொடுக்கலாம். லீவு முடிந்து வருகிறவருக்கு அவருடைய வகுப்பைத் திருப்பிக் கொடுக்கலாம். நேரசூசி, கணக்கு, பௌதிக வளம், ஒழுக்காற்றுக் குழு ஆகிய நான்கிலும் ஒரு ஆசிரியையாவது பொறுப்பில் இருக்கிறாரா என்று வருடத்துக்கு ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். பணச் செலவு ஒன்றும் இல்லை.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. அதிபர் பரீட்சைக்குப் படிக்கும் மனைவிக்குப் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கணவர், எந்த மேடைப் பேச்சாளரையும் விடப் பெரிய காரியம் செய்கிறார்.

நம் வகுப்புகளில் இருக்கும் பெண் பிள்ளைகள் நாம் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. காலைக் கூட்டத்தில் மைக் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் பாடசாலையில் எத்தனை ஆசிரியைகள், அவர்களில் எத்தனை பேர் நிர்வாகப் பொறுப்பில் என்று நாளைக்கு ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்களையும் கீழே எழுதுங்கள். ஊர் பெயரோ பாடசாலைப் பெயரோ வேண்டாம். அந்த எண்களை வைத்து மிச்சத்தைப் பேசுவோம்.