கல்லறைத் தோட்டத்தில் கரந்தை



நவம்பர் 2-ஆம் நாள் இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். அதற்கு முன் கல்லறைத் தோட்டத்தைச் செதுக்கித் தூய்மை செய்வது நம் பங்கு மக்களின் நல்வழக்கம். இவ்வாண்டு சிலர், மண்வெட்டி எதற்கு, களைக்கொல்லி தெளித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியை ஒத்த சேர்வராயன் மலையடிவார ஊர்களின் பெரியோர் கொட்டைக்கரந்தையை அறிவர். நெல்லறுத்த வயலிலும் ஏரியோர ஈரத்திலும் தரையையொட்டிக் கிளைத்துப் படரும். தண்டின் நெடுகிலும் இலை போன்ற விளிம்பு ஓடும், கசக்கினால் மணக்கும், பனிக்காலத்தில் ஊதா நிறச் சிறு பந்துகளாகப் பூக்கும். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கச் சென்ற பண்டைத் தமிழ் வீரர் சூடிய கரந்தை இதுவே எனக் கருதுவோரும் உளர். அத்தகைய பூவைக் களை என்று ஒதுக்குகிறோம்!

இஃது ஓராண்டுச் செடி. மழையில் முளைத்து, பனியில் பூத்து, வெயிலில் காய்ந்துவிடும். மறு ஆண்டுக்கு அது விட்டுச்செல்வது விதை ஒன்றே. விதை முற்றுமுன் ஆண்டுதோறும் அழித்துவந்தால், மண்ணில் உறங்கும் பழைய விதைகளும் தீர்ந்து, அதன் மரபு அவ்விடத்தில் அற்றுப்போகும். மலைப்பொழிவில் ஆண்டவர் சுட்டிய வயல் மலர்களின் நாடாகிய கலிலேயாவிலும் இதே நிலைதான். குளிர்கால மழையில் முளைப்பவை பெப்ரவரி, மார்ச்சில் பூத்து, கோடை தொடங்குமுன் காய்ந்துவிடும். விறகு அரிதான அந்நாட்டில் காய்ந்த புல்பூண்டுகள் அடுப்பெரிக்கப் பயன்பட்டன.

ஆகவே கல்லறைகளின் மேலும் நடைபாதையிலும் கையால் செதுக்குங்கள், அது போதும். விதை வைத்திருப்போர் நினைவு நாள் முடிந்தபின், ஈரமுள்ள தாழ்ந்த இடத்தை இலேசாகக் கீறி, பொடிவிதையோடு நான்கு பங்கு மணல் கலந்து தூவலாம். ஆழப் புதைக்க வேண்டாம். உள்ளங்கையால் அழுத்தினால் போதும். குடத்து நீரைக் கொட்டினால் விதை ஒதுங்கிவிடும், பூவாளியால் தெளிக்கவேண்டும்.

விதை இல்லாதோர் தவக்காலம் வரை பொறுத்திருங்கள். பூப்பந்துகள் பழுப்பேறிக் காய்ந்தபின் கொய்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். எல்லாவற்றையும் கொய்துவிடாமல் பாதியைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.

நம் கல்லறைத் தோட்டத்தின் வடமூலையில் மழைநீர் தேங்கும் பள்ளத்தில் இப்போதே சில முளைகள் தென்படுகின்றன. அந்த மூலையில் மண்வெட்டி வைக்கவேண்டாமென உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன். கயிறு கட்டி அடையாளமிடுவார்.