மழலை கையில் கைபேசி

சகோதரிகளே, சோறூட்டவும் அழுகையை அடக்கவும் கைபேசியை நீட்டும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. ஒன்றரை வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாமென அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் அறிவுறுத்தியது. ஒரு விலக்கு உண்டு: முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. வளைகுடாவிலிருக்கும் வாப்பாவைப் பிள்ளை தாராளமாகப் பார்க்கட்டும்! 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மிகலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்த வரம்பு.

எதைத் தேர்வது? காட்சி நிதானமாக நகர வேண்டும். நொடிக்கொரு தரம் மாறும் படங்களையும், இடையிடையே விளம்பரம் பாய்ச்சும் செயலிகளையும் நீக்கிவிடுங்கள். விளம்பரம் எது, விளையாட்டு எது என்று மழலை அறியாது. விரல் பட்டதெல்லாம் திறக்கும். யூடியூப் கிட்ஸில் பெற்றோர் அனுமதித்தவை மட்டும் தோன்றுமாறு அமைத்துக்கொள்ளலாம். அதனினும் முக்கியம், ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானே ஓடும் வசதியை நிறுத்திவைப்பது.

குழந்தையைத் தனியே விடாமல் அருகிலமர்ந்து, “ஆடு எங்கே போகிறது?” என்று கேளுங்கள். திரையில் கண்டதை வாழ்வோடு பொருத்த இவ்வயதினருக்குத் துணை தேவை. (அண்டை வீட்டு ஆட்டை நேரில் காட்டினால் மின்னூட்டச் செலவும் மிச்சம்.) உணவு வேளையிலும், உறங்குவதற்கு முந்தைய 1 மணி நேரத்திலும் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும், உம்மாவின் கைபேசியும்தான்.